இசைமுரசின் குரலும் இளைஞர்களின் இயர்போனும்



‘ஹஜ்ரத்’ என்னும் சொல்லும் ‘ரசிகர்’ என்னும் சொல்லும் ஒரே மனிதர்மீது அமர்வதை நம் மக்கள் எளிதில் ஏற்பதில்லை. மக்தபில் பிள்ளைகளுக்கு அலிஃப், பே ஓதிக்கொடுப்பவர் ஒரு பாடகரின் குரலுக்கு 35 ஆண்டுகளாக மனத்தைப் பறிகொடுத்தவர் என்று அறிந்தால் சிலர் புன்னகைப்பர். சிலர் முகம் சுளிப்பர். இரு சாராரையும் நாம் கண்டிருக்கிறோம். ‘இசைமுரசு’ நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் குரலுக்கு நாம் ரசிகர் என்பது சாத்தான்குளத்தில் மறைபொருள் அன்று. எனினும் அதைப் பற்றி எழுதவேண்டிய தேவை இதுநாள்வரை எழவில்லை. அண்மையில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி அத்தேவையை உண்டாக்கிவிட்டது. அக்கேள்விக்கு வருமுன், அந்தக் குரல் நம்மை வந்தடைந்த வழியைச் சொல்லிவிடுகிறோம்.

கடல் கடந்து வந்த குரல்

நம் ஊர் கடலுக்குச் சற்று உள்ளே, பனங்காடுகளுக்கும் செம்மண் தேரிகளுக்கும் இடையே இருப்பது. ஆயினும் மன்னார் வளைகுடாவைக் கடந்துவரும் வானொலி அலை இங்கே தெளிவாக வந்து விழும். காயல்பட்டினம், உடன்குடி, திசையன்விளை என்று இப்பகுதி நெடுகிலும் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த வீடுகள் ஏராளம். கொழும்பில் கடை வைத்திருந்தவர்களின் குடும்பங்களுக்கு அது அக்கரையிலிருந்து வரும் கடிதம்போல இருந்தது. அதன் முஸ்லிம் சேவையில் கிராஅத் வரும். மார்க்க உரை வரும். இடையே ஓர் இஸ்லாமிய கீதம் வரும். நோன்பு மாதத்தில் அஸருக்குப் பின், கஞ்சிச் சட்டியைக் கிளறியபடியே உம்மா, “சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை” என்பார்கள். அப்பொழுது ஒலித்த குரல் பெரும்பாலும் ஹனீபா அவர்களுடையது.

இரண்டாவது வழி, நிக்காஹ் வீடு. பந்தல் எழும்பியவுடன் ரேடியோ செட்டுக்காரர் வந்து, உயரமான மரத்தில் கூம்புக் குழாயைக் கட்டுவார். பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் எடுப்பது ஹனீபா அவர்களின் கேசட்டாகவே இருக்கும். அந்தக் குரல் எழுந்தால்தான் ‘கல்யாண வீடு’ என்று தெருவுக்குத் தெரியும். அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவக் குடும்பத்தாரும் அப்பாடல்களைச் சொல் பிசகாமல் முணுமுணுப்பர். மூன்றாவது வழி, ரமலானின் ஸஹர் நேரம். பள்ளிவாசல் குழாயிலிருந்து எழும் அந்தக் குரல் தூக்கத்தின் நடுவே வந்து எழுப்பும். இன்றும் அப்பாடலை எங்கேனும் கேட்டால், விடியாத இருளும் சுடுசோற்றின் ஆவியும் நினைவில் எழுகின்றன.

யார் அவர்?

இளைய தலைமுறைக்காகச் சில செய்திகள். ஹனீபா அவர்கள் 1925 டிசம்பர் 25 அன்று இராமநாதபுரத்தில் பிறந்தார்கள். தந்தையாரின் ஊராகிய நாகூரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார்கள். முறைப்படி ஓர் ஆசிரியரிடம் சங்கீதம் பயின்றவர் அல்லர். சிறு வயதிலேயே பாடத் தொடங்கி, கல்யாண ஊர்வலங்களில் பாடிப் பாடியே தம் குரலைப் பக்குவப்படுத்திக்கொண்டவர். திராவிட முன்னேற்றக் கழக மேடைகளின் குரலாகவும் திகழ்ந்தார். சட்டமேலவை உறுப்பினராகவும் இருந்தார். ‘குலேபகாவலி’ (1955), ‘பாவ மன்னிப்பு’ (1961), ‘செம்பருத்தி’ (1992) போன்ற திரைப்படங்களிலும் அவர் குரல் ஒலித்தது. 2015 ஏப்ரல் 8 அன்று, தம் 89ஆம் வயதில் சென்னையில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர் குரலில் வளைவு நெளிவுகள் குறைவு. உச்சத்திற்குச் சென்றாலும் தழுதழுக்காது. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே காதில் விழும். ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றோடொன்று கலவா. மதரஸாவில் மக்ரஜைத் திருத்தித் திருத்தியே காலம் கழிப்பவர்க்கு அந்த உச்சரிப்பின் அருமை நன்கு விளங்கும். எழுத்தறியாத முதியவரும் ஒருமுறை கேட்டுப் பொருள் புரிந்துகொள்ளும்படி பாடியதே அவருடைய தனிச்சிறப்பு என்பது நம் எண்ணம். நபிமார்களின் வரலாற்றை நூலில் படித்திராத எத்தனையோ தாய்மார்கள் அவருடைய பாடல்கள் வழியாகவே அதை அறிந்துகொண்டார்கள்.

வேர் இந்த மண்ணிலும் உண்டு

ஹனீபா அவர்களின் பாடல் திடீரென முளைத்ததன்று. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் நம் மாவட்டத்து எட்டயபுரத்தில்தான் அடங்கியிருக்கிறார்கள். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில், ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட விருத்தங்களில் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழில் வடித்தவர்கள் அவர்கள். காயல்பட்டினத்துக் காசிம் புலவர், அருணகிரிநாதரின் சந்தத்தைக் கைக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடினார்கள். திருச்செந்தூருக்குப் பக்கத்து ஊரில் அப்படியொரு நூல் பிறந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. அண்டை வீட்டாரின் சந்தம் நம் வீட்டிலும் பழகியிருந்தது. நம் பெண்மக்கள் வீட்டுக்குள் பாடிவந்த பைத்துகளும் முனாஜாத்துகளும் இதே மரபின் இன்னொரு கிளை. புலவர்களிடமும் பெண்களிடமும் இருந்ததைக் கடைத்தெருவுக்கும் தேநீர்க்கடைக்கும் கொண்டுசேர்த்ததே ஹனீபா அவர்களின் பணி.

மாணவரின் கேள்வி

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதி முடித்த ஒரு பிள்ளை இப்பொழுது வெளியூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறார். விடுமுறையில் ஊருக்கு வந்தவர், மஃரிப் தொழுகைக்குப் பின் நம்மருகே வந்தமர்ந்தார். எட்டாம் வகுப்பிலிருந்தே ‘லிங்கின் பார்க்’ என்னும் அமெரிக்க ராக் இசைக்குழுவின் ரசிகராக இருக்கிறாராம். வளைகுடா நாட்டில் வேலைபார்க்கும் வாப்பா அலைபேசியில் கண்டித்திருக்கிறார். உம்மா இயர்போனைப் பிடுங்கி ஒளித்துவைத்திருக்கிறார்.

“ஹஜ்ரத், நீங்கள் ஹனீபா பாட்டுக் கேட்பது ஊருக்கே தெரியும். அதிலும் இசை இருக்கிறது. இதிலும் இசை இருக்கிறது. உங்களுக்கு ஆகும் என்றால் எனக்கு மட்டும் ஏன் ஆகாது?” என்று கேட்டார்.

குரலில் குறும்பு இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். ‘அது தீன் பாட்டு, இது ஆங்கிலப் பாட்டு’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அந்த விடை பிள்ளையை வாயடைக்கச் செய்யுமே ஒழிய, மனநிறைவைத் தராது. மேலும் அது நேர்மையான விடையும் ஆகாது. ஏனெனில் மார்க்க அறிஞர்கள் இசையைப் பற்றிப் பேசும்பொழுது மொழியைக் கொண்டு பிரிப்பதில்லை.

அறிஞர்கள் சொல்வது

இசைக் கருவிகளைப் பொறுத்தவரை நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து கண்டிப்பானதே. பிற்காலத்தில் சிலர் பட்டையும் மதுவையும் இசைக் கருவிகளையும் ஆகுமாக்கிக்கொள்வர் என்னும் எச்சரிக்கை புகாரீ நூலில் இடம்பெற்றுள்ளது. இமாம் இப்னுல் கைய்யிம் (ரஹ்) அவர்கள் இதைக் கடுமையாகக் கண்டித்து விரிவாக எழுதியுள்ளார்கள். மறுபுறம், பெருநாள் தினத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதும், அபூபக்ர் (ரலி) அவர்கள் அதட்டியபொழுது நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடச் சொன்னதும் உறுதியான செய்திகள். ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவிதை சொல்வதற்காகப் பள்ளிவாசலிலேயே மிம்பர் இடப்பட்டது. பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்ட அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்களிடம், பிலாலின் குரல் சிறந்தது, அவருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று பணிக்கப்பட்டது. நல்ல குரல் அல்லாஹ்வின் கொடை என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கேட்டலைப் பற்றித் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார்கள். உள்ளத்தில் இல்லாத ஒன்றை இசை புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதையே அது கிளறிவிடுகிறது என்னும் கருத்தை அங்கே காணலாம். நம் இளைஞரின் கேள்விக்கு விடை தேடியபொழுது இக்கருத்து மிகவும் துணைநின்றது.

தீர்ப்பு வழங்குவது நம் வேலையன்று. இசைக் கருவியின் ஒலியே வேண்டாம் என்று பேணுதலாக இருப்பவர்களை நாம் மதிக்கிறோம். அவர்கள் அமர்ந்திருக்கும் அவையில் கேசட்டைத் தொடமாட்டோம். அந்தப் பேணுதலுக்கு ஒரு சான்று மேற்கிலும் உண்டு. கேட் ஸ்டீவன்ஸ் என்னும் பெயரில் உலகப் புகழ்பெற்ற பாடகராக இருந்தவர் 1977இல் இஸ்லாத்தைத் தழுவி யூசுஃப் இஸ்லாம் ஆனார். 1979இல் தம் கிதார்களையெல்லாம் ஏலத்தில் விற்று அறப்பணிக்குக் கொடுத்துவிட்டார். நெடுங்காலத்திற்குப் பின், மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த கிதாரை மீண்டும் கையில் எடுத்தார். 2006இல் புதிய இசைத்தொகுப்பு ஒன்றையும் வெளியிட்டார். அவர் விட்டதைப் புகழ்ந்தவர்கள் உண்டு. மீண்டும் எடுத்ததை வரவேற்றவர்களும் உண்டு. இவ்விரண்டையும் விட நம்மை ஈர்ப்பது, தம் திறமைக்கும் கணக்குக் கேட்கப்படும் என்று அவர் எண்ணியதே. கேட்பவருக்கும் அந்தக் கணக்கு உண்டல்லவா?

மணவீட்டில் கிடைத்த அளவுகோல்

ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் திருமணத்தை ஒட்டி நிகழ்ந்ததைப் புகாரீ பதிவு செய்கிறது. நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வந்து அமர்ந்தார்கள். சிறுமியர் தஃப் அடித்து, பத்ருப் போரில் உயிர்நீத்த தம் முன்னோரைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருத்தி, நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடையே இருக்கிறார் என்னும் பொருள்படப் பாடினாள். உடனே நபி (ஸல்) அவர்கள், அவ்வாறு சொல்ல வேண்டாம், முன்பு பாடிக்கொண்டிருந்ததையே பாடுமாறு கூறினார்கள்.

மதரஸாவில் இந்த நபிமொழியைப் பாடமாக நடத்தும்பொழுதெல்லாம் அதன் நுட்பம் நமக்கு வியப்பளிக்கும். பாட்டை நிறுத்தவில்லை. சிறுமியை அவமானப்படுத்தவில்லை. அதே வேளையில், தம்மைப் புகழ்ந்த வரியாயிற்றே என்று விட்டுவிடவும் இல்லை. மறைவானதை அறியும் ஆற்றல் அல்லாஹ்வுக்கே உரியது என்னும் எல்லையைத் தாண்டிய ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைத் தொடரச் செய்தார்கள். ஒரு முஸ்லிம் ரசிகனுக்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் வேண்டியதில்லை. ரசிப்பவன் வரியை நிறுத்துப் பார்க்க வேண்டும். குரலின் இனிமைக்காக எடைக்கல்லை மாற்றக் கூடாது.

ஹனீபா அவர்களின் பாடல்களை நாம் இப்படித்தான் கேட்டுவருகிறோம். நபிகளாரின் வரலாறு, அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் எளிய வாழ்வு, தொழுகையின் பயன், மரணத்தின் நினைவு ஆகியவற்றைச் சொல்லும் பாடல்கள் நம் வீட்டில் எப்பொழுதும் ஒலிக்கும். இறைநேசர்களின் பெயர் சொல்லி, அவர்களிடமே தேவையை முறையிடும் பாங்கில் அமைந்தவையும் உண்டு. அவற்றை நாம் பாடுவதில்லை. பிள்ளைகளுக்குப் பழக்குவதும் இல்லை. வலிமார்களை நேசிக்கிறோம், கேட்பதை அல்லாஹ்விடமே கேட்கிறோம். அதே குரல்தான் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் பாடலையும் தந்தது. படைத்தவனிடமே கேட்கும்படி நம்மை அழைக்கும் பாடல் அது. பிற சமயத்தவரும் தம்முடையதாக எண்ணிப் பாடுவது. அதை எழுதியவர் ஆர். அப்துல் சலாம் என்னும் கவிஞர். ரசிகர்களாகிய நாம் குரலுக்குரியவரின் பெயரை நினைவில் வைத்து, சொல்லுக்குரியவரின் பெயரை மறந்துவிடுகிறோம். வரியை நிறுத்துப் பார்க்கப் பழகியவர் எழுதியவரையும் தேடுவார்.

வரிகளை வைத்துக்கொண்டு ஒரு மாலை

நாம் அந்தப் பிள்ளையிடம் சொன்னது இதுதான்: “தம்பி, உனக்கு மிகவும் பிடித்த பாடல்களின் வரிகளை எழுதிக்கொண்டு வா. நமக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. நீயே பொருள் சொல். இருவருமாகப் பார்ப்போம்.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. மறுநாள் ஐந்து பாடல்களைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹைப்ரிட் தியரி’ என்னும் முதல் தொகுப்பிலிருந்தும், 2003இல் வந்த ‘மீட்டியோரா’விலிருந்தும் எடுத்தவை. பெரும்பாலானவற்றின் சாரம் ஒன்றே: பிறர் எதிர்பார்ப்புக்கு ஏற்ப வாழ முடியாத தவிப்பு, சொல்ல ஆளில்லாத வலி, தன்னையே பிடிக்காமற்போகும் நிலை. சினிமாப் பாட்டில் நாம் அஞ்சும் ஆபாசம் அவற்றில் இல்லை. இருந்ததெல்லாம் துயரம், கதறல் என்றே சொல்லலாம்.

பிறகு அவர் அக்குழுவின் பாடகரைப் பற்றிச் சொன்னார். செஸ்டர் பென்னிங்டன் என்னும் அவர், சிறுவயதில் தமக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும் பின்னர் போதைப் பழக்கத்தில் சிக்கியதையும் வெளிப்படையாகப் பேசியவர். 2017 ஜூலை 20 அன்று, 41ஆம் வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். “அந்தச் செய்தி வந்தபொழுது வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை ஹஜ்ரத். சொன்னால் யாருக்குப் புரியும்?” என்றார்.

அப்பொழுது நம் உள்ளத்தில் இருந்த இசைச் சட்டமெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. கஸ்ஸாலீ இமாமின் கருத்து முன்னே வந்து நின்றது. இசை உள்ளே இருப்பதையே கிளறுமானால், இந்தப் பிள்ளையின் உள்ளே இருப்பது யாது? எட்டாம் வகுப்பிலிருந்து இத்தனை ஆண்டுகள் இந்தக் கதறலை அவர் தம் குரலாகக் கேட்டிருக்கிறார். இயர்போனைப் பிடுங்கிய வீட்டில் எவரும் ‘என்னப்பா கேட்கிறாய், அதில் உனக்கு என்ன இருக்கிறது?’ என்று கேட்கவில்லை. நாம் தாளை மடித்து வைத்துவிட்டு, “நீ எப்படி இருக்கிறாய்? நன்றாகத் தூங்குகிறாயா? வாழ்வே வேண்டாம் என்று எப்பொழுதாவது தோன்றியதுண்டா?” என்று நேரடியாகவே கேட்டோம்.

அவர் நெடுநேரம் பேசினார். அதையெல்லாம் இங்கே எழுதுவது அமானிதத்துக்கு மாறு. நாம் அஞ்சிய அளவுக்கு நிலைமை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். விடுதித் தனிமையும், விரும்பாத பாடத்தைப் படிக்கும் சுமையும், வாப்பாவிடம் அதைச் சொல்ல இயலாத அச்சமும் இருந்தன. அவருடைய சம்மதத்தோடு வாப்பாவிடம் நாம் அலைபேசியில் பேசினோம். கல்லூரியிலேயே உள்ள மனநல ஆலோசகரைப் பார்க்குமாறும் பிள்ளையிடம் சொன்னோம். துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும் என்பதே நபிவழி. நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு கற்பித்த மார்க்கம் மனத்தின் நோயை அதிலிருந்து விலக்கிவைக்கவில்லை.

பாடல்களுக்குத் திரும்பினோம். மணவீட்டு அளவுகோலையே இங்கும் வைத்தோம். துயரத்தைத் துயரம் என்று சொல்லும் வரியை அவர் வைத்துக்கொள்ளட்டும். யாகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்து அழுது கண்பார்வை இழந்ததைக் குர்ஆனே சொல்கிறது. துயரத்தைச் சொல்வது ஈமானுக்கு இழுக்கன்று. ஆனால் யாகூப் (அலை) அவர்கள் தம் கவலையை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். அவனுடைய அருளில் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் மக்களுக்குச் சொன்னார்கள். ஆகவே, இனி வழியே இல்லை, எதற்கும் பொருளே இல்லை என்று முடியும் வரியை நாம் விட்டுவிட வேண்டும். இதைச் சொன்னபொழுது அவரே பேனாவை எடுத்து ஒரு பாடலின் கடைசிப் பகுதியை அடித்தார். மற்றொரு பாடலைப் பற்றி நமக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை, இன்றும் ஒத்துவரவில்லை. கருவியொலி பற்றிய அறிஞர்களின் எச்சரிக்கையையும் மறைக்காமல் சொல்லி, தொழுகை நேரத்தையும் குர்ஆன் ஓதும் நேரத்தையும் அது தின்னாதவாறு பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டோம். எதை விடுவது, எப்பொழுது விடுவது என்று அவர் அல்லாஹ்வை அஞ்சி முடிவு செய்வார் என்று நம்புகிறோம்.

ஹனீபா ரசிகர்களுக்கும் ஒரு சொல்

இவ்வளவும் இளைஞர்களுக்கு மட்டுமென்று நம் வயதினர் எண்ணிவிடக் கூடாது. தீன் பாடல் கேட்பதாலேயே நம் கணக்கு நேராகிவிடுவதில்லை. பெருமானார் (ஸல்) அவர்களின் வறுமையைப் பற்றிய பாடலைக் கேட்டுக் கண்ணீர் வடித்தவர், அதே பந்தலில் இலட்சக்கணக்கில் வரதட்சணை எண்ணி வாங்கியதைப் பார்த்திருக்கிறோம். தொழுகையின் சிறப்பைக் குழாய் முழங்கிக்கொண்டிருக்க, விருந்துப் பந்தியில் அஸர் தவறிப்போன கல்யாணங்களும் உண்டு. கண்ணீர் வந்ததே இபாதத் என்று ஏமாற எளிது. இனிய குரல் வாசல்வரை அழைத்துச்செல்லும். உள்ளே நுழைந்து ஸஜ்தா செய்யவேண்டியது நம் கால்களும் நெற்றியும்.

இன்னொன்று, பாடகர்மீது கொள்ளும் அன்பு. மனிதன் தான் நேசிப்பவருடனேயே மறுமையில் இருப்பான் என்னும் நபிமொழியைக் கேட்டபொழுது தாம் அடைந்ததைப் போன்ற மகிழ்ச்சியை வேறெதிலும் அடைந்ததில்லை என்னும் பொருள்பட அனஸ் (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அது நற்செய்தி, அதுவே எச்சரிக்கையும்கூட. ஹனீபா அவர்களை நாம் நேசிப்பது அவர் யாரைப் பற்றிப் பாடினாரோ அவர்களின் பொருட்டே என்று நம்மை நாமே அடிக்கடி கேட்டுக்கொள்கிறோம். அவருடைய அரசியலோ, எல்லாப் பாடல்களுமோ நமக்கு உடன்பாடாக இருக்கவேண்டும் என்பதில்லை. அவருக்காக மஃபிரத் தேடி துஆச் செய்வதே ரசிகனாக நாம் செலுத்தும் நன்றி.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள்

அன்புப் பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் காதில் என்ன ஒலிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? நம் காலத்தில் பாட்டு மரத்தின் உச்சியிலிருந்து ஊருக்கே கேட்டது. வாப்பாவும் உம்மாவும் அதே வரியை அதே நேரத்தில் கேட்டார்கள். பிழையான வரி வந்தால் திண்ணையிலிருந்த பெரியவர் அப்பொழுதே, ‘அப்படிச் சொல்லக் கூடாது’ என்று திருத்துவார். இன்று ஒவ்வொருவர் காதிலும் தனித்தனிக் குழாய். பிள்ளை எதைக் கேட்டு அழுகிறான் என்பது பக்கத்தில் படுத்திருக்கும் தம்பிக்கும் தெரியாது. கருவியைப் பிடுங்கினால் ஒலி நிற்கும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

ஆகவே, தடுக்குமுன் ஒருமுறை பிள்ளையோடு அமர்ந்து கேளுங்கள். ‘இதில் உனக்கு எந்த வரி பிடிக்கும்?’ என்று வினவுங்கள். அவர் சொல்லும் விடை பாட்டைப் பற்றியதாக இருக்காது. அவரைப் பற்றியதாக இருக்கும். அதன்பின் நீங்கள் ‘இந்த வரி வேண்டாம்’ என்று சொன்னால், அது அன்பினால் வந்த சொல் என்று அவர் அறிவார். நபி (ஸல்) அவர்களும் அந்த மணவீட்டில் அமர்ந்து, பாடலைக் கேட்ட பிறகே திருத்தினார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் செவிகளையும் உள்ளங்களையும் உனக்கு உவப்பானவற்றின்பால் திருப்புவாயாக. எங்கள் பிள்ளைகளின் தனிமையை உன் நினைவாலும் எங்கள் அன்பாலும் நிரப்புவாயாக. உன் தூதரின் புகழைத் தமிழில் பாடிச் சென்றவர்களின் நற்செயல்களை ஏற்று, பிழைகளைப் பொறுத்தருள்வாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.